ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய சொல்

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்தை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நம் வகுப்புத் தலைவன், இப்போது பேரனும் எடுத்துவிட்டவன், திடீரென்று ஒரு பந்தயம் வைத்தான். அந்த டிரம் வார்த்தை யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஒரே மூச்சில் சொல்லி வாய்ஸ் போடுங்கள் என்றான். அவ்வளவுதான், ஆளாளுக்குப் போட ஆரம்பித்துவிட்டீர்கள். ட்ரைஎத்திலீன்டெட்ராமின். ஒருத்தி குக்கர் விசிலுக்கு நடுவே சொன்னாள். ஒருவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திச் சொன்னான். பாதியில் நாக்கு சுளுக்கிச் சிரித்தவர்களும் உண்டு. நீதானே இதற்கு ராணி, உன் குரல் எங்கே என்று என்னையும் கேட்டீர்கள். நான் போடவில்லை.

கோபத்தில்தான் போடவில்லை. பந்தயத்தின் மேல் கோபமில்லை. கடைசியில் தலைவன் ஒரு வரி எழுதினானே, அதன் மேல்தான். நம் ஜனங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது, கேட்கவும் தெரியாது, அதனால்தான் கண்ட டிரம்மில் தண்ணீர் பிடித்துக் குடித்தோம் என்று எழுதினான். அதன் கீழே சிரிக்கிற முகங்களை வரிசையாக வைத்தீர்கள்.

கேட்கவும் தெரியாதாம். நாம் கேட்டோம். நம் பள்ளிக்கூடத்து மேடையில் மைக்கைப் பிடித்துக் கேட்டோம். நீங்கள் அத்தனை பேரும் கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். மறந்துபோயிருக்கும். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நாம் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் அது. ஆரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த நம் வீட்டுப் பெரியவர்கள், கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்ததும் பெட்டி படுக்கையோடு வந்து அதன் ஓரத்தில் குடியேறியவர்கள். அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கை பம்பில் துருத் தண்ணீர் வந்தது, பிறகு அதுவும் நின்றது. லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் பிடித்து வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். குடமும் அண்டாவும் எந்த மூலைக்கு? அப்போதுதான் நீல டிரம் நம் தெருவுக்கு வந்தது.

பேட்டைக்குள் பெயிண்ட் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. இரும்புக்கும் தரைக்கும் பூசுகிற பெயிண்ட். அதை இறுக வைக்கிற சரக்கு நீல பிளாஸ்டிக் டிரம்மில் வெளியூரிலிருந்து வரும். காலியான டிரம்களைக் கம்பெனி காயலான் கடைக்காரருக்கு விற்றுவிடும். அவர் அவற்றின் தலையை ரம்பத்தால் அறுத்து, நம் தெருப் பெண்களிடம் கழுவக் கொடுப்பார். கழுவிய டிரம் தண்ணீர் டிரம்மாக ஊரெல்லாம் விலை போகும். என் அம்மாதான் கழுவுகிறவர்களில் கெட்டிக்காரி. மற்றவர்கள் ஒன்றைக் கழுவி முடிப்பதற்குள் அம்மா அடுத்ததை உருட்டிக்கொண்டு வருவாள்.

டிரம்மின் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். விளக்கெண்ணெய் போல மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். வாடை மட்டும் எண்ணெய் வாடை அல்ல, கருவாட்டுப் பானையில் யாரோ மூத்திரம் பெய்ததைப் போல மூக்கைத் தூக்கி அடிக்கும். அம்மா அதில் தண்ணீர் ஊற்றி, மணலைப் போட்டு, டிரம்மைத் தரையில் முன்னும் பின்னும் உருட்டுவாள். பிறகு அதைச் சாய்த்து வைத்து, தேங்காய் நாரோடு தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் தேய்ப்பாள். கன்னம் டிரம் விளிம்பில் அழுந்தியிருக்கும். முகம் என் பக்கம் திரும்பியிருக்கும். அப்படியே என்னோடு பேசிக்கொண்டே தேய்ப்பாள்.

டிரம்மின் மேல் வெள்ளை எழுத்தில் அந்த வார்த்தை அச்சடித்திருக்கும். அது அவ்வளவு நீளம். ஒரு பக்கத்தில் நின்று படித்தால் பாதிதான் தெரியும், மீதியைப் படிக்க டிரம்மைச் சுற்றி நடக்க வேண்டும். நான் அப்படித்தான் நடந்து நடந்து படித்தேன். முதல் நாள் எழுத்துக் கூட்டினேன், ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கரும்பைத் துண்டு போடுவதைப் போல நறுக்கிப் பார்த்தேன். ட்ரை. எத். தி. லீன். டெட். ரா. மின். ஏழு துண்டு. நறுக்கின பிறகு மென்று தின்பது கஷ்டமில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "இன்னா பாப்பா எழுதிக்கீது? சொல்லு, நானும் சொல்றன்" என்றாள். நான் ஒரு துண்டு சொல்ல, அவள் அதைச் சொல்லிக்கொண்டே ஒரு இழுப்புத் தேய்ப்பாள். ஏழு துண்டு சொல்லி முடிப்பதற்குள் டிரம்மின் ஒரு பக்கம் முடிந்துவிடும். இரண்டு நாளில் அவளுக்கு மனப்பாடம். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெருமுனையிலேயே கேட்கிறது, வரிசையாக உட்கார்ந்து பெண்கள் எல்லோரும் நாற்று நடும்போது பாடுவதைப் போல அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாமும் சும்மா இருந்தோமா? ஏழு கட்டம் போட்டுப் பாண்டி ஆடினோம். ஒரு கட்டத்துக்கு ஒரு துண்டு. நொண்டி அடிக்கும்போது எந்தக் கட்டத்தில் கால் படுகிறதோ அந்தத் துண்டைச் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் ஆட்டம் போச்சு. சில்லுக்கு ஓடு தேடிப் போகவில்லை. டிரம்மின் வாயை அடைக்கிற திருகு மூடி உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும், கனமாக, வழுக்காமல் போய் விழும். எனக்கு ஒன்று இருந்தது. அதைப் பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டே தூங்குவேன். அந்த மூடி எங்கே போனது என்று தெரியவில்லை. போனால் போகட்டும்.

தமிழ் ஐயாவையும் நினைவிருக்கும். அந்த வாரம் நேர், நிரை என்று வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தார். நாம் இந்த வார்த்தையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தோம். சொல்லுக்கு முதலில் மெய்யெழுத்து வராது, ஆகவே இது நம் வீட்டு வாசப்படியே ஏற முடியாது என்றார். அப்புறம் அவருக்கே ஆசை வந்துவிட்டது. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கரும்பலகையில் பிரித்தார். எத்திலீன் கூவிளம். டெட்ராமின் தேமாங்காய். அவர் கணக்கில் ஆறு அசை, நம் கைதட்டலில் ஏழு. மதியம் முழுக்க இந்தச் சண்டைதான். வாசப்படி ஏற முடியாத அந்த வார்த்தை அந்த வாரமே ஐயா வீட்டுக் கொல்லையில் தண்ணீர் டிரம்மாக ஏறி உட்கார்ந்துவிட்டது, அது வேறு கதை.

இதுவரை எல்லாம் வேடிக்கைதான். உங்களுக்கு இதுவரைதான் ஞாபகம் இருக்கிறது. எனக்கு மிச்சமும் ஞாபகம் இருக்கிறது.

வார்த்தைக்குப் பக்கத்தில் சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு படம் இருந்தது. ஒரு குழாயிலிருந்து கையின் மேல் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுகிற படம். இப்போது தெருவில் போகிற பிள்ளையைக் கேட்டாலும் பட்டால் கையை அரித்துவிடும் என்று அதன் அர்த்தம் சொல்லும். அன்றைக்கு நம் பெண்கள் அதைப் பார்த்து என்ன நினைத்தார்கள் தெரியுமா? கை கழுவுகிற படம் என்று நினைத்தார்கள். சிரிக்காதீர்கள். அந்த மஞ்சள் சரக்கில் தண்ணீர் பட்டதும் வழவழவென்று சோப்புக் கரைசலாகத்தான் இருந்தது. முதல் கழுவலை வீணாக்குவானேன் என்று மில்லில் வேலை பார்த்த என் நைனாவின் சட்டையை அதில் ஊறவைத்தாள் அம்மா. எந்தச் சோப்புக்கும் அசையாத கிரீஸ் கறை போய்விட்டது. படம் கை கழுவச் சொல்கிறது, தொட்டால் வழுக்குகிறது, அழுக்கும் போகிறது. அப்படியானால் அது சோப்புச் சரக்குத்தானே? எழுத்துத் தெரியாத ஒருத்தி கண்ணையும் கையையும் வைத்து இதைவிட ஒழுங்காக எப்படி யோசிக்க முடியும்?

தை முடிவதற்குள் அம்மாவின் கை சிவந்தது. முதலில் விரல் இடுக்கில், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரைக்கும். சிவந்து, தடித்து, வெடித்து நீர் வடிந்தது. பக்கத்து வீட்டுக்காரி அம்மை என்று சொல்லி வேப்பிலை அரைத்துக் கொடுத்தாள். நைனா இது பேஜார் பிடித்த வேலை, விட்டுத்தொலை என்றார். மில்லில் அவருக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை, விட்டுவிட்டால் அடுப்பு எப்படி எரியும் என்று அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

கடைசியில் பஜாரில் இருந்த டாக்டரிடம் போனோம். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். கழுவுற வேலை என்றாள் அம்மா. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பாத்திரம் கழுவுகிறாள் என்று முடிவு செய்துகொண்டார். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் சோப்பையே தொடாதே என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அம்மா டாக்டர் சொல்லைத் தட்டாதவள். அன்றிலிருந்து சாயங்காலம் கை கழுவச் சோப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். டிரம் கழுவிவிட்டு வெறும் தண்ணீரில் கையை அலசிக்கொண்டு, அந்தக் கையால் எனக்குச் சோறு பிசைந்து போட்டாள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கழுவுகிறேன் என்றவளிடம் எதைக் கழுவுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஆனால் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், டிரம்மில் இருப்பதும் சோப்புத்தானே, அதையும் தொடக்கூடாதா? இதை யாரிடம் கேட்பது? காயலான் கடைக்காரரிடம் கேட்டாள், எனக்கு டிரம்தான் தெரியும் என்றார். கம்பெனி கேட்டுக்குப் போய்க் கேட்டாள், காவலுக்கு நின்றவர் உள்ளே விடவில்லை. அந்த நேரத்தில்தான் நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு அதே கம்பெனியின் மேனேஜர் தலைமை தாங்க வருகிறார் என்று செய்தி வந்தது. அவருக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லிக் காட்ட என்னைத் தேர்ந்தெடுத்தார் தலைமையாசிரியர். நம் பேட்டைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எவ்வளவு வருகிறது பாருங்கள் என்று காட்டுவதற்காகவாம்.

விழாவுக்கு முந்தின நாள் அம்மா என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தாள். வெடித்த கையால் எனக்குத் தலை பின்னுவது கஷ்டம், விரலை மடக்காமல் நீட்டி நீட்டியே பின்னினாள்.

"அந்த ஐயாவக் கேளு பாப்பா. இது இன்னா சாமானு, கையில பட்டா இன்னா ஆவும்னு கேளு. நான் போய்க் கேட்டா பதில் சொல்ல மாட்டாங்கோ. நீ இங்கிலீஷு வார்த்தைய தப்பில்லாம சொல்லிட்டுக் கேட்டேன்னு வையி, உனக்குச் சொல்லுவாங்கோ."

தன் பிள்ளை அந்த வார்த்தையை ஒழுங்காகச் சொன்னால் அதன் அர்த்தத்தைக் கேட்கிற உரிமை வந்துவிடும் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன். ராத்திரி சாப்பிடும்போதுகூட அதைச் சொல்லிப் பார்த்தேன்.

விழா நாளில் மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். மேடையில் மேனேஜர், பக்கத்தில் தலைமையாசிரியர். மேனேஜர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம், பிள்ளைகள் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் தாளம் போட்டார். பின்னால் கயிறு கட்டிய இடத்தில் அம்மாக்கள் நின்றிருந்தார்கள். என் அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

என் முறை வந்தது. நான் மைக்கின் முன்னால் நின்று கைதட்டித் தட்டி ஏழு துண்டையும் சொன்னேன். பிறகு ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னேன். கீழே நீங்களெல்லாம் கூடச் சேர்ந்து சொன்னீர்கள், சாமியானா அதிர்ந்தது. மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். அருமையாகச் சொன்னாள் இந்தப் பெண், ஒரே ஒரு குறை என்றார்.

"அழுத்தம்தான் கொஞ்சம் தப்பு. முதல்ல இருக்கிற ட்ரை மேல அழுத்தக் கூடாது. டெட் மேல அழுத்தணும். எங்கே, எல்லாரும் சொல்லுங்க பார்ப்போம்."

எல்லோரும் சொன்னோம். டெட் வரும்போது அவர் கையை உயர்த்தி அடித்தார், நாம் குரலை உயர்த்தினோம். பின்னால் நின்ற அம்மாக்களும் சொன்னார்கள். அவருக்குத் திருப்தி ஆகும்வரை திரும்பத் திரும்பச் சொன்னோம். அதன்பிறகு பாடமும் எடுத்தார். ட்ரை என்றால் மூன்று, டெட்ரா என்றால் நான்கு, பெரிய வார்த்தையைப் பார்த்துப் பயப்படக் கூடாது, பிரித்தால் எல்லாம் சுலபம் என்றார். இதுதான் சமயம் என்று தெரிந்தது.

"மூணு எது சார்? நாலு எது சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அதெல்லாம் காலேஜில் சொல்வார்கள் என்றார். நான் விடவில்லை. "சார், எங்கம்மா அந்த டிரம்மக் கழுவுறாங்க. கையில சொட்டுற மாதிரி படம் போட்டிருக்கே, அது சோப்பா சார்? கையில பட்டா இன்னா ஆவும்?"

சோப்பா என்றதும் கீழே சிரிப்பு வெடித்தது. நீங்கள்தான் சிரித்தீர்கள். பரவாயில்லை, பிள்ளைகள். ஆனால் நான் மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கயிற்றுக்குப் பின்னால் பெண்கள் நின்ற இடத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் சிரித்தார். என் தலையில் கை வைத்து, மைக்கில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"காலி டிரம்முல ஒண்ணும் இருக்காதும்மா. பயப்படாதே."

தலைமையாசிரியர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். என்னை அதிகப்பிரசங்கி என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொல்லிக் கீழே அனுப்பினார். மேனேஜர் தன் பெருந்தன்மையைக் காட்டினார். கேள்வி கேட்கிற பிள்ளையை ஊக்குவிக்க வேண்டும் என்று சொல்லி, எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸும், பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர் வைக்க இரண்டு டிரம்மும் பரிசு என்று அறிவித்தார். எந்த டிரம் என்று நான் சொல்ல வேண்டுமா? எல்லோரும் கைதட்டினீர்கள்.

அவருக்கு விவரம் தெரியாது, பாவம் என்று யாராவது குழுவில் எழுதினால் நான் விட மாட்டேன். எந்த எழுத்தை அழுத்த வேண்டும் என்று தெரிந்தவருக்கு, மூன்று எது நான்கு எது என்று காலேஜில் படித்தவருக்கு, அந்தப் படத்தில் கைக்கு என்ன ஆகிறது என்று தெரியாதா? கம்பெனிக்குள் அதே டிரம்மைத் திறக்கிறவர்களுக்கு முழங்கை வரை கையுறை கொடுத்திருந்தார்கள். அதில் கிழிந்தவைகூடக் காயலான் கடைக்குத்தான் வரும். நாம் அதில் தண்ணீர் நிரப்பிப் பந்து விளையாடினோமே.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா என்னைத் திட்டவில்லை. அவளுக்கு ஒரு நிம்மதிதான் வந்திருந்தது. பெரிய படிப்புப் படித்தவர், அந்தச் சரக்குக்கே சொந்தக்காரர், ஊர் முன்னால் நின்று ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார், உன் பெண்ணால் கிடைத்த டிரம், நீயே வந்து கழுவிக் கொடு என்று. அம்மா கூலி வாங்காமல் கழுவிக் கொடுத்தாள். பெருமையோடு போனாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்துச் சிவப்பில் குடிநீர் என்று எழுதினார்கள். அடுத்த வெயிலில் பெயிண்ட் உரிந்து, குடிநீருக்குப் பின்னாலிருந்து அந்த வார்த்தை கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. நாம் அதிலிருந்து மொண்டு குடித்தோம்.

அம்மாவுக்குக் கை ஆறவில்லை. அவள் வேலையை விடவும் இல்லை. படித்தவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்ட பிறகு எதற்காக விட வேண்டும்? மழைக்காலம் வந்தபோது இருமல் வந்தது. தண்ணீரில் நிற்கிற வேலை, சளி பிடித்திருக்கிறது என்றார்கள். வெந்நீரில் கழுவு என்று யோசனை சொன்னார்கள். வெந்நீர் ஊற்றியதும் டிரம்மிலிருந்து ஆவி கிளம்பி அவள் முகத்தில் அடித்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். ட்ரை, எத், தி. அம்மா அதற்கு மேல் வரவில்லை. நான் லீன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் டிரம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, மூச்சுக்காகக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து லீன் என்றாள். அந்த வார்த்தையை நான் துண்டு போட்டது விளையாட்டுக்கு. அவளுக்கு மூச்சு அதைத் துண்டு போட்டது. அன்றோடு நாங்கள் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டோம், நைனா கடைசியில் அவளை வீட்டில் உட்கார வைத்தார். அதற்குள் இளைப்பு நெஞ்சில் குடியேறிவிட்டது.

அம்மா இப்போது திருநின்றவூரில் என்னோடுதான் இருக்கிறாள். தலையணைப் பக்கத்தில் மூச்சோடு இழுக்கிற இன்ஹேலர் மருந்து இல்லாமல் தூங்க மாட்டாள். மாடிப்படி அவளுக்குப் பெரிய மலை. உங்கள் பந்தயத்தை நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் அதென்ன வார்த்தை என்று கேட்டாள். காய்கறி நறுக்கிக்கொண்டே தன் போனில் தேடினாள். வெண்டைக்காய் நறுக்கி முடிப்பதற்குள் எல்லாம் வந்துவிட்டது. நான்கு முடிச்சு, நடுவில் மூன்று கண்ணி, சங்கிலி மாதிரி கோத்திருக்கிறது என்று படம் காட்டினாள். இவ்வளவுதான் மூன்றும் நான்கும். இதைச் சொல்லக் காலேஜ் தேவைப்படவில்லை. அதன் கீழே இருந்ததையும் படித்தாள். தோலை அரிக்கும். ஒருமுறை ஒவ்வாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலும் தாங்காது. மூச்சைப் பிடிக்கும். காலி டிரம்மில் மிச்சம் இருக்கும், வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அந்த மேனேஜர் கையை உயர்த்தி டெட் என்று அழுத்தியது கண் முன்னால் வந்தது. அதைச் சொல்லிக் கொடுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இதில் எதையாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். கையுறை போட்டுக்கொள் என்று ஒரு வரி போதும்.

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். தலைவன் எழுதியதையும் சொன்னேன், நமக்குக் கேட்கத் தெரியாதாம் என்று. அம்மா கொஞ்ச நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தத் தோல் இன்னமும் காய்ந்த வாழைச் சருகு மாதிரிதான் இருக்கிறது. பிறகு போனை எடு, நானும் சொல்கிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

அதைத்தான் இன்று குழுவில் போடுகிறேன். ஒரே மூச்சில் இல்லை. லீன் வரைக்கும் வந்து நிற்கிறாள். நடுவில் கேட்கிற சீழ்க்கைச் சத்தம் மின்விசிறி இல்லை, அது அவள் மூச்சு. டெட் சொல்லும்போது சரியாக அழுத்துகிறாள், அந்த மேனேஜர் சொல்லிக் கொடுத்த இடத்தில். பந்தயத்தில் தோற்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மின் என்று முடித்ததும் போனை அணைத்துவிடாதீர்கள், கடைசிவரை கேளுங்கள். தலைவனே, நீ இரண்டு முறை கேள். மருந்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அம்மா பேசுகிறாள்.

"கேக்கத் தெரியாதுன்னு யாரு சொன்னது? கேட்டமே பாப்பா... மைக்குலயே கேட்டமே."